பாஸ்கரனின் மனையில் ஒன்பது குழிகள்

அகழாய்வுக் குழிக்குள் இறங்குமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி அதுதான். மரியாதைக்காக வந்த விதி இல்லை. செருப்பின் விளிம்பு ஈர மண்ணில் கோடு போடும். அதைப் பழங்காலத்துக் கோடு என்று நினைத்து யாராவது அளந்து வைத்துவிடுவார்கள்.

இந்த ஆண்டு வந்திருக்கும் தன்னார்வலர்களும் செருப்பைக் கழற்றுகிறார்கள். மற்றதெல்லாம் மாறிவிட்டது. குழியின் சுவரை டேப்லெட்டில் படம் பிடித்தால் அதுவே வரைபடமாகிவிடுகிறது. நாங்கள் நூல் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, வரைதாளில் புள்ளி புள்ளியாக வைத்து ஒரு சுவரை வரைந்து முடிப்பதற்குள் பகல் போய்விடும். என் முழங்கால் இனி ஒத்துழைக்காது என்று சொல்லி விடைபெறப் போயிருந்தபோது, புதியவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "இதெல்லாம் இல்லாம அந்தப் பந்தல் விஷயத்த எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்தவன். நிருபர்கள் அனுப்பும் செய்தியைச் சரிபார்த்து, வெட்டி, தலைப்பு வைப்பது வேலை. மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு, அஸ்தினாபுரத்தில் அடுத்த தெருவில் இருக்கும் ஜெயந்தி டீச்சர்தான் என்னை இந்த அகழாய்வுக்குள் இழுத்துவிட்டார். கணக்கு ஆசிரியையாக இருந்து எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். "தினமும் பால்கனியில உக்காந்து பேப்பர்ல தப்பு கண்டுபிடிக்கறீங்க. அத வெயில்ல வந்து மண்ணுல கண்டுபிடிங்க சார்" என்றார்.

முதல் அகழாய்வுப் பருவம் முழுக்கச் சல்லடை பிடித்தேன். இரண்டாவது பருவம் பானை ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவினேன். மூன்றாவது பருவத்தில் கொத்தனார் வைத்திருப்பதுபோன்ற சிறிய கரணை ஒன்று கைக்கு வந்தது. பின்னோக்கி நகர்ந்துகொண்டே மண்ணைச் சுரண்டக் கற்றேன். முன்னோக்கி நகர்ந்தால், சுரண்டிய இடத்தை நம் முட்டியே அழித்துவிடும். பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது நான்காவது பருவத்தைப் பற்றி.

தாம்பரத்தைத் தாண்டியுள்ள குன்றுகளின் அடிவாரங்களில் கற்களை வட்டமாக அடுக்கிய பழைய சவக்குழிகள் உண்டு. இரும்பை முதலில் பயன்படுத்தத் தொடங்கிய காலத்து மக்களுடையவை. பல இடங்களில் அந்தக் கற்கள் வீட்டுக் கடைக்காலுக்குள் போய்விட்டன. சில இன்னும் இருக்கின்றன. சவக்குழிகளைப் பலர் ஆராய்ந்துவிட்டார்கள். எங்கள் குழுவின் இயக்குநர் திலகவதி மேடத்துக்கு வேறு கேள்வி இருந்தது. முதல் நாளே எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "செத்தவங்க எங்க இருக்காங்கன்னு நமக்குத் தெரியும். உயிரோட இருந்தப்போ எங்க இருந்தாங்க? அது தெரியாது. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

ஒரு செய்தி மேசைக்காரனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. அன்று முதல் நான் அவருடைய ஆள்.

தேடுவதற்கு இடம் வேண்டும். பீர்க்கன்கரணை ஏரிக்குச் சற்றுத் தள்ளி, மூன்று பக்கமும் வீடுகள் எழுந்துவிட்ட ஒரு தெருவில் ஒரு மனை மட்டும் காலியாக இருந்தது. மழைக்குப் பிறகு அங்கே கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் மேலே வந்து கிடந்தன. மனைக்காரர் பாஸ்கரன். ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர். குரோம்பேட்டையில் வாடகை வீடு. ஆவணியில் பூமி பூஜை போடுவதாக இருந்தார். மனையின் பின்பாதியில் செங்கல்லும் இறக்கிவிட்டார். மேடம் போய்ப் பேசியதும், முன்பாதியில் மட்டும், அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் தோண்டிக்கொள்ள இசைந்தார். அவருடைய இசைவு இல்லாமல் ஒரு பிடி மண்ணையும் எடுக்க முடியாது என்பதை மேடம் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

பாஸ்கரன் சனி, ஞாயிறுகளில் வருவார். குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, டிபன் பாக்ஸுடன் நிற்பார். "ஒண்ணும் கிடைக்கலியே சார்?" என்பார். கேள்வியில் ஒரு நம்பிக்கை இருக்கும். கிடைக்கவில்லை என்றால் அவருக்கு வீடு. பெரிதாக ஏதாவது கிடைத்தால் மேடம் பின்பாதியையும் கேட்பார் என்று அவருக்குத் தெரியும். மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. ஆனால் மறுக்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தாமல் இருந்தால் நல்லது என்று அவர் நினைத்தார். அதில் தவறு சொல்ல முடியாது. அவர் மனைவி தினமும் வீட்டு வரைபடத்தில் சமையலறை அலமாரியை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்.

திலகவதி மேடத்தின் சுபாவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரம் குறைவு. குரலும் குறைவு. குழியின் ஓரத்தில் யாராவது நின்றால், ஓரம் உடையும் என்பதால், பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் காலையே பார்ப்பார். கால் நகர்ந்த பிறகுதான் வாக்கியம் தொடரும். டீ குழிக்குள் வராது. ஓடு கிடைத்தால் கிடைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். அதன் ஆழத்தை அளந்து, வடதிசை காட்டும் அம்பையும் அளவுகோலையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்த பிறகுதான் தொடலாம்.

எல்லாவற்றையும்விட, பெயர் வைப்பது அவருக்குப் பிடிக்காது. "மேடம், இங்க அடுப்பு" என்று ஒருமுறை கூப்பிட்டேன்.

"அடுப்பா? எங்க காட்டுங்க."

"இதோ, சாம்பல்."

"சாம்பல்னு சொல்லுங்க. என்ன நிறம், எவ்ளோ அகலம், தொட்டா பொடியுதா, ஒட்டுதா, அத சொல்லுங்க. அடுப்ப நான் கடைசியில சொல்லிக்கறேன். சில சமயம் சொல்லாமலும் விடுவேன்."

எங்கள் மேசையிலும் இதே விதிதான். செய்தியைப் படிக்கும் முன் தலைப்பை எழுதுகிறவனை ஆசிரியர் விரட்டுவார். ஆனாலும் நான் பழக்கத்தால் தலைப்புக்காரன். வாயைக் கட்டுப்படுத்த ஒரு பருவம் பிடித்தது.

சித்திரை வெயிலில் ஒரு காலை, தரையைச் சுரண்டிச் சமப்படுத்தி, செடிக்கு மருந்து அடிக்கும் பம்பால் லேசாகத் தண்ணீர் தெளித்தோம். ஈரம் பட்டால் மண்ணின் நிறவேறுபாடு தெரியும். தெரிந்தது. பழுப்பு மண்ணில் கறுத்த வட்டங்கள். ஒரு தட்டு அகலம். ஜெயந்தி டீச்சர் எண்ணினார், ஒன்பது. மொத்தமாகப் பார்த்தால் ஒரு வளைவு, கொஞ்சம் கோணலான வளைவு. வளைவின் இரு முனைகளும் பின்பாதி மனையை நோக்கிப் போய் அகழாய்வுக் குழியின் சுவருக்குள் மறைந்தன.

எல்லார் மனத்திலும் ஒரே சொல் இருந்தது. வட்டமாகக் கம்பு நட்டு, மேலே கூரை வேய்ந்தால் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை.

"ஒன்பது கறுப்பு வட்டம். அவ்ளோதான்" என்றார் மேடம். ஆனால் அன்று மதியம் அவர் சாப்பிட மறந்துபோனார்.

சிக்கல் ஒன்று இருந்தது. இப்படிக் கறுப்பு வட்டமாகத் தெரியும் ஒரு குழி எந்த மண்ணடுக்கிலிருந்து தோண்டப்பட்டது என்று தெரிந்தால் அதன் வயது தெரியும். மேல் அடுக்கிலிருந்து தோண்டியது புதியது. கீழ் அடுக்கிலிருந்து தோண்டி, மேல் அடுக்கு உடையாமல் அதை மூடியிருந்தால் பழையது. மேல் அடுக்கு வெறும் கட்டட இடிபாடு என்பதால் அதை மண்வெட்டியால் வேகமாக வெட்டி எடுத்துவிட்டிருந்தோம். அதோடு அதன் கீழிருந்த சாம்பல் நிற அடுக்கும் குழிகளின் வாயும் போய்விட்டன. மிச்சம் இருப்பது அடிப்பகுதி மட்டும். இனி ஒவ்வொன்றையும் நடுவில் பாதியாக வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் வழி.

முதல் குழியைப் பாதியாக வெட்டினோம். உள்ளே பொலபொலவென்ற மண். அடி கூம்பு போலக் குறுகிப் போனது. வேறொன்றும் இல்லை. இரண்டாவதும் அதேபோல். அதன் அடியில் என் கரணையில் ஏதோ சிக்கியது. இழுத்தேன். நீல நிற நைலான் நூல்.

ஜெயந்தி டீச்சர் எட்டிப் பார்த்தார். "இரும்புக் காலத்துல நைலானா? தலைப்பு வச்சுடுங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் நூலைப் பையில் போட்டு, எண் எழுதி, கைப்பேசியை எடுத்து பாஸ்கரனைக் கூப்பிட்டார். "உங்க மனையில முன்னாடி ஏதாவது கம்பு நட்டிருக்காங்களா? ஷெட், பந்தல் மாதிரி?" மேடம் எதையும் மறைக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. சற்றுப் பொறுத்துக் கேட்டிருக்கலாமே என்றும் தோன்றியது.

அடுத்த ஞாயிறு பாஸ்கரன் தனியாக வரவில்லை. மொபெட்டின் பின்னால் ஒருவரை உட்கார வைத்து அழைத்துவந்தார். லுங்கி, முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு. பேர் முனுசாமி. தெருமுனை அம்மன் கோவிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது பந்தல் போடுகிறவர். இந்த மனை காலியாகக் கிடந்த ஆண்டுகளில் பந்தல் இங்கேதான் போட்டார்களாம். பாஸ்கரனின் முகத்தில் ஒரு வாரத்து வெளிச்சம் இருந்தது.

முனுசாமி கயிற்றுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒன்பது வட்டங்களையும் பார்த்தார்.

"இன்னா மேடம், இத்தப் போயா நோண்டிகினு கீறீங்க? எல்லாம் நம்ம பந்தல் காலுதான்."

"ஒன்பதுமா?" என்றார் மேடம்.

"ஒம்போதும்தான். நம்ம கை பட்ட பள்ளம் நமக்குத் தெரியாதா?"

"பாத்தீங்களா மேடம்" என்றார் பாஸ்கரன், மென்மையாக. ஜெயிக்கும் குரலில் சொல்லக்கூடாது என்று முயன்றது தெரிந்தது.

நான் அதுவரை பேசவில்லை. எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்பவரிடம் கேட்கும் முறை வேறு. ஆமாம், இல்லை என்று பதில் வராத கேள்வியாகக் கேட்க வேண்டும். அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். எப்படிப் பள்ளம் எடுப்பீர்கள், என்ன கம்பு, எவ்வளவு ஆழம் என்று. உற்சாகமாகச் சொன்னார். கடப்பாரையால் நாலு குத்து, கையால் மண்ணை வாரி வெளியே போடுவது, சவுக்குக் கம்பு, சுற்றிக் காலால் மிதிப்பது.

"கூழ் ஊத்தி முடிச்சதும் கம்பெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னா சார் கேக்கற? பிடுங்கிகினு போய்டுவோம். மறுநாள் வேற வூட்டுல விசேஷம் இருக்கும். கம்ப வுட்டுட்டுப் போனா எனக்குச் சோறு யாரு போடறது?"

"ஒண்ணுகூட விட மாட்டீங்க?"

"ஒடிஞ்ச கம்பக்கூட வுட மாட்டோம். அடுப்புக்கு ஆவும்ல."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாராட்டு எதுவும் இல்லை. அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுத்துவிட்டார் என்று மட்டும் தெரிந்தது.

"முனுசாமி அண்ணா, ஒரு உதவி. இங்க, குழிக்கு வெளிய, ஒரு பந்தல் கால் நடுங்க. எப்பவும் நடறது மாதிரியே. அப்புறம் பிடுங்கிடுங்க."

"நட்டுட்டுப் பிடுங்கணுமா? பேஜாரு புடிச்ச வேலையா கீதே."

"டீ சொல்லியிருக்கேன்."

அவர் நட்டார். நன்றாக நட்டார். கடப்பாரை மண்ணில் இறங்கிய சத்தத்துக்கு எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பிறகு கம்பை முன்னும் பின்னும் ஆட்டி, தோளைக் கொடுத்து, பிடுங்கினார். மேடம் அந்தப் பள்ளத்தை எங்கள் குழிகளைப் போலவே பாதியாக வெட்டச் சொன்னார். முனுசாமி டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தார். இவ்வளவு நாள் தோண்டியும் தன் பள்ளத்தைப் பக்கவாட்டில் பார்த்தது அதுதான் முதல்முறை என்றார்.

கூம்பு போன்ற அடி. ஆட்டிப் பிடுங்கியதால் அகன்ற வாய். சரிந்து உள்ளே விழுந்த பொலபொல மண். அடியும் மண்ணும் நீல நூல் கிடைத்த குழியோடு அச்சாக ஒத்துப்போயின.

"நான் சொல்லல?" என்றார் முனுசாமி.

"சொன்னீங்க. இது ரெண்டும் உங்களுது" என்றார் மேடம். "மிச்சம் ஏழு இருக்கு. ரெண்டுதான பாத்திருக்கோம்."

மூன்றாவது குழியை மேடமே இறங்கி வெட்டினார். நாங்கள் கயிற்றின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், பாஸ்கரனும்தான். பாதி மண் வெளியேறியதும் மேடம் கையை நிறுத்தி, பம்பை வாங்கித் தண்ணீர் தெளித்தார்.

இந்தக் குழியின் அடி தட்டையாக இருந்தது. கூம்பு இல்லை. ஓரங்களில் கூழாங்கற்களும் உடைந்த பானை ஓடுகளும் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தன. நடுவில், மேலிருந்து கீழ்வரை, கையளவு தடிமனுக்கு நேரான கறுப்பு. மரம் நின்ற இடத்திலேயே நின்று, அங்கேயே மக்கி, தன் உருவத்தை மண்ணில் விட்டிருந்தது.

பிடுங்கிய கம்பு உருவத்தை விட்டுப்போகாது. இந்தக் கம்பை யாரும் பிடுங்கவில்லை.

முனுசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "இது நம்மளுது இல்ல" என்றார். பிறகு பாஸ்கரனிடம், "கல்லு வச்சு அடச்சிருக்கான் பாரு சார். பந்தலுக்கு எவன் இவ்ளோ மெனக்கெடுவான்? இவன் ரொம்ப நாளு இருக்கறதுக்குப் போட்டிருக்கான்" என்றார்.

அடுத்தடுத்த நாட்களில் மற்ற ஆறையும் வெட்டினோம். ஆறும் அப்படியே. வரைதாளில் முனுசாமியின் இரண்டு குழிகளை அடித்துவிட்டதும், கோணலாக இருந்த வளைவு சீரானது. வேண்டாத இரண்டு சொற்களை எடுத்ததும் ஒரு வாக்கியம் நேராவதை மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். மண்ணிலும் அது நடக்கும் என்று நினைத்ததில்லை. பிறகு மேடம் அகழாய்வுக் குழியின் சுவரைச் சீவிச் சுத்தப்படுத்தினார். வளைவின் ஒரு முனை சுவருக்குள் மறைந்த இடத்தில் பழைய குழிகளில் எட்டாவதாக ஒன்றின் பாதி தெரிந்தது. எங்கள் அவசர மண்வெட்டி படாத மண் அங்கே அப்படியே இருந்தது. குழி தோண்டப்பட்ட பழுப்பு அடுக்கு, அதன் மேல் சாம்பல் நிற அடுக்கு, அதன் மேல் இடிபாடு. மேலிருந்த இரண்டு அடுக்குகளும் உடையாமல் அந்தக் குழியின் வாயை மூடியிருந்தன.

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை. மேடம் பாஸ்கரனைக் கயிற்றுக்குள் அழைத்து, வரைபடத்தை விரித்துக் காட்டினார். எதையும் பெரிதாக்கவில்லை. முன்பாதியில் இருப்பது வளைவின் ஒரு பகுதி. மிச்சம் பின்பாதியில், செங்கல் அடுக்கியிருக்கும் இடத்தின் கீழே இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

"உங்க இடம். நீங்க பேசினது ஒரு பருவத்துக்கு. வேண்டாம்னு சொன்னா நாங்க மணல் போட்டு மூடிட்டுப் போயிடுவோம். நீங்க ஆவணியில ஆரம்பிக்கலாம். எனக்கு வருத்தம் இருக்கும். ஆனா உங்கமேல இருக்காது."

பாஸ்கரன் வரைபடத்தைப் பார்க்கவில்லை. குழிக்குள் இருந்த ஏழு கறுப்புத் தடங்களைப் பார்த்தார். எதிர்வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள், விசில் வந்தது. அவர் சட்டைப்பையில் வீட்டு வரைபடத்தின் நகல் மடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியும், எப்போதும் வைத்திருப்பார். அதில் கை வைத்துக்கொண்டே நின்றார். இசைவு தரப் போவதில்லை என்றுதான் நான் நினைத்தேன். என் மேசைக் கணிப்பு பெரும்பாலும் தப்பாது.

"வாசல் எந்தப் பக்கம் மேடம்?" என்றார்.

"தெரியல. இந்தப் பக்கம் எல்லாக் கம்புக்கும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கு. ஆள் நுழையற அளவுக்கு எங்கயும் இல்ல."

"அப்போ அந்தப் பக்கமா?"

"இருந்தா, அந்தப் பக்கம்."

அவர் பின்பாதியைப் பார்த்தார். செங்கல் அடுக்குகளின் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. கொஞ்சம் தள்ளிப் போய் மனைவியைக் கைப்பேசியில் கூப்பிட்டார். நாங்கள் கேட்காதது மாதிரி இருந்தோம், எல்லாம் கேட்டது. "ஆமாம்மா, பந்தல் இல்லியாம்... இல்ல, அவங்க ஒண்ணும் கட்டாயப்படுத்தல... இல்ல, கேளேன். வாசல் நம்ம செங்கல்லுக்கு அடியில இருக்காம்." பிறகு நெடுநேரம் மறுமுனைதான் பேசியது. அலமாரி என்ற சொல் இரண்டு முறை கேட்டது.

திரும்பி வந்தவர் ஜெயந்தி டீச்சரிடம் கேட்டார்: "டீச்சர், செங்கல்ல வேற எடத்துல இறக்கி வைக்க இங்க ஆள் கிடைப்பாங்களா?"

"முனுசாமிகிட்ட சொல்லுங்க. உங்க ஃப்ரெண்டுதானே" என்றார் டீச்சர்.

செங்கல் ஆடிக்கு முன் ஊரப்பாக்கத்தில் அவர் மைத்துனர் வீட்டுக்குப் போனது. ஆவணியில் பூமி பூஜை நடக்கவில்லை. பாஸ்கரன் இன்றும் குரோம்பேட்டையில்தான் இருக்கிறார். முன்பாதியைத் திறந்தபடி விட்டுப் பின் மூலையில் சிறியதாகக் கட்ட இப்போது ஒரு வரைபடம் தயாராகியிருக்கிறது. சமையலறையில் அலமாரி இருக்கிறது, நீளம்தான் குறைவு.

வாசல் மறு பருவத்தில் கிடைத்தது. வடகிழக்கில், ஏரி இருக்கும் திசையில். இரண்டு கம்புகளுக்கு நடுவே மற்ற இடங்களைவிட அகன்ற இடைவெளி, பக்கத்துக்கு ஒரு தட்டைக்கல். நடுவில் இருந்த மண் மட்டும் கால்பட்டுக் கால்பட்டு இறுகியிருந்தது. கரணை அதில் இறங்க மறுத்தது. படம் எடுத்து, அளந்து, எல்லாம் முடிந்த பிறகு மேடம் பாஸ்கரனைக் கூப்பிட்டார். "உள்ள வாங்க. அந்தப் பக்கமா வாங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார். இரண்டு கற்களுக்கு முன்னால் வந்ததும் ஒரு கணம் நின்று, தலையைக் குனிந்து, முதுகை வளைத்து உள்ளே நுழைந்தார். மேலே வெறும் வானம்.

"சார், தலையெல்லாம் இடிக்காது" என்றார் ஜெயந்தி டீச்சர்.

பாஸ்கரன் அப்போதுதான் நிமிர்ந்தார். வெட்கப்பட்டது போலிருந்தது. "அடுத்தவங்க வீடு இல்லையா டீச்சர்" என்றார்.

நாங்கள் எல்லாரும் மேடத்தைப் பார்த்தோம். அவர் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை.